எண்ணெய் போட்ட அரம்

“அம்மிணி, ஒரு நாளைக்கு நாலு வாட்டி தீட்டறனுங்க. ஆனாலும் கூர் நிக்க மாட்டேங்குது.”

தமயந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் மடியில் வேறு யாருடைய ரம்பச் சங்கிலியோ கிடந்தது.

“சங்கிலி கொண்டாந்தீங்களா?”

“கொண்டாந்திருக்கறனுங்க.”

“அத அப்படி வைங்க. அரத்தக் காட்டுங்க.”

மேட்டுப்பாளையத்தில் மர டெப்போக்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கடை அது. மரம் அறுக்கிற மெஷின்களை அங்கே பழுது பார்ப்பார்கள். சங்கிலிக்குப் பல் தீட்டுவது தமயந்தி. வயது முப்பத்து நாலு. மலையில் மரம் வெட்டுகிற ஆட்கள் எல்லாம் அவளுக்குப் பயப்படுவார்கள். அவள் யாரையும் திட்டியதில்லை. பேசாமல் இருப்பாள், அவ்வளவுதான். திட்டினால் பரவாயில்லை என்று தோன்றும்.

கூர் நிற்கவில்லை என்று வந்தவர் வெள்ளியங்கிரி. ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக மரம் வெட்டுகிறார். கூடவே வந்து கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆறுச்சாமி, வெள்ளியங்கிரியின் மனைவிக்கு அண்ணன், வெள்ளியங்கிரியை விட மூன்று வயது மூத்தவர். மாப்பிள்ளை அறுப்பார், மச்சான் கயிறு பிடிப்பார். இருபத்தாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. டவுனுக்கு வந்தாலும் ஆறுச்சாமி கயிற்றை வீட்டில் விட்டுவிட்டு வர மாட்டார். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார்.

வெள்ளியங்கிரி பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தார். பிறந்த குழந்தையைக் காட்டுவது போல மெல்லப் பிரித்தார். உள்ளே அரம் பளபளத்தது.

தமயந்தி அதைக் கையால் தொடவில்லை. பழைய பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து, அதால் பிடித்து வாங்கினாள். பேப்பரில் எண்ணெய் ஊறியது.

“இதென்னுங்க?”

“எண்ணெய்ங்க. தெனமும் சாயங்காலம் தடவி வெச்சிருவனுங்க.”

“எதுக்கு?”

“மலைல பனிங்க அம்மிணி. துரு ஏறிரும். சங்கிலிக்கு எண்ணெய் விடறோம். இஞ்சினுக்கு விடறோம். இது மட்டும் என்ன பண்ணுச்சு? பாவம்.”

அவள் சங்கிலியை வைஸ் இடுக்கியில் மாட்டினாள். அரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“தீட்டுங்க.”

வெள்ளியங்கிரி தீட்டினார். முன்னும் பின்னுமாகத் தேய்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தித் தேய்த்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்புகிற ஆள். அம்மி வேண்டுமானால் நகரட்டும். சங்கிலிப் பல் அப்படியே இருந்தது.

தமயந்தி பல்லை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். விளிம்பில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. அது மழுங்கல்.

தன் பெட்டியிலிருந்து வேறொரு அரத்தை எடுத்துக் கொடுத்தாள். வறண்டு, சாக்பீஸ் தூள் ஒட்டி, பார்க்கச் சகிக்காத அரம்.

“தள்ளும்போது மட்டும் தேய்ங்க. இழுக்கும்போது தூக்கிருங்க. மூணே தடவை.”

கர். கர். கர்.

வெள்ளைக் கோடு போயிருந்தது.

வெள்ளியங்கிரி அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க அரம் புதுசுங்களா?”

“உங்களத விடப் பழசு.”

“அப்பறம் எப்படிங்க?”

“அரத்துக்கு எண்ணெய் ஆகாதுங்க.”

அவள் தன் அரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

*

டீ வந்தது. தமயந்தி ஒரு கிளாஸை எடுத்துப்போய் வாசல் பெஞ்சில் வைத்தாள்.

“சக்கரை போதுங்களா?”

“ஆமாங்க,” என்றார் ஆறுச்சாமி. “இந்த வருசம் வெய்யில் ஜாஸ்திதான்.”

வெள்ளியங்கிரி உள்ளேயிருந்து அவசரமாகச் சிரித்தார். “மச்சான் ஏதோ ரோசனைல இருக்காருங்க.”

தமயந்தி திரும்பி வெள்ளியங்கிரியைப் பார்த்தாள். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் பார்த்தாள். பிறகு வைஸின் பக்கம் போய்விட்டாள்.

“அம்மிணி, எனக்குச் சொல்லிக் குடுங்க.”

“எத்தன நாள் இருக்குது?”

“இன்னைக்குத் திங்கள். வியாழக்கெழமை மரம். கோத்தகிரிக்கு மேல ஒரு தோட்டமுங்க. பெரிய சில்வர் ஓக். தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற லயன் வீடுகளுக்கு மேல சாஞ்சு நிக்குது. கயிறு கட்டி இழுத்து அந்தப் பக்கம் சாய்க்கோணும்.”

“கயிறு யாரு?”

“மச்சான்தானுங்க.”

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “போன மாசம் ஒரு மரம் விழற பக்கம் மாறித் திரும்பிப்போச்சுங்க. ரம்பம் மழுங்கல். பாதில நின்னுருச்சு. மரம் மச்சானுக்கு ஒரு மொழத்துல வந்து விழுந்துச்சு. இன்னைக்கும் கண்ண மூடினா அதுதான் வருது. மறுபடியும் அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க.”

தமயந்தி ஒரு மரப்பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினாள். உள்ளே முப்பது அரங்கள் இருந்தன. மேலே ஒரு கம்பி பிரஷ்ஷையும் ஒரு டப்பா சாக்பீஸையும் வைத்தாள்.

“தொடைங்க.”

“தீட்டறதுக்குங்க…”

“தொடைங்க.”

*

ஐம்பத்தெட்டு வயதில் சிஷ்யனாவது சுலபமில்லை. முட்டி வலிக்கும். தெரிந்தவர்கள் வேறு எட்டிப் பார்ப்பார்கள். “என்னுங்ணா, பள்ளிக்கூடத்துல சேந்துட்டீங்களா?” என்று ஒரு லாரி டிரைவர் கேட்டுவிட்டே போனான்.

அரத்தின் கோடுகள் சாய்வாக ஓடும். பிரஷ்ஷும் அந்தச் சாய்விலேயே ஓட வேண்டும். கோட்டுக்குள் அடைத்திருக்கும் இரும்புத் தூள் உதிர வேண்டும். பிறகு சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு அரத்தையும் தனித்தனிப் பேப்பரில் சுற்ற வேண்டும்.

“எதுக்குங்க தனித்தனியா?”

“ஒண்ணோட ஒண்ணு ஒரசுனா ரெண்டும் மழுங்கிரும்.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தானுங்க.”

தமயந்தி சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டாவது டீ சொன்னாள்.

“சாக்பீஸ் எதுக்குங்க?”

“பள்ளத்துல தூள் அடையாது. எண்ணெய் பட்டிருந்தா உறிஞ்சிக்கும்.”

“துரு?”

“தெனமும் வேலை செய்யற அரம் எங்கீங்க துருப்புடிக்குது?”

சாயங்காலம் அவர் தன்னுடைய அரத்தையும் எடுத்தார். துணியால் துடைத்தார். சாக்பீஸ் தேய்த்தார். அது எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. தட்டிவிட்டு மறுபடி தேய்த்தார். ஐந்து சாக்பீஸ் தீர்ந்தது.

“இவ்வளவு எண்ணெயா போட்டிருக்கேன்?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

*

செவ்வாய்க்கிழமை சங்கிலியைக் கையில் கொடுத்தாள்.

முதல் பல்லில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். “இங்க ஆரம்பிச்சீங்க. மறுபடி இந்தப் புள்ளி வந்தா சுத்து முடிஞ்சுது. ஒரு பக்கத்துப் பல்லு எல்லாம் மொதல்ல. அப்பறம் மத்த பக்கம். ஒவ்வொண்ணுக்கும் மூணு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்.”

“ஒரு பல்லு நல்லாருந்தா?”

“மூணு.”

“ஒண்ணு ரொம்ப மழுங்கியிருந்தா?”

“அது எவ்வளவு தேயணுமோ, அவ்வளவு எல்லாமே தேயணும். அதுக்கு மட்டும் தனியாப் பண்ணுனா ரம்பம் குதிக்கும்.”

அவர் தீட்டினார். தள்ளினார், தூக்கினார். தள்ளினார், தூக்கினார். அவ்வப்போது பழைய பழக்கம் வந்துவிடும். இழுக்கும்போதும் தேய்த்துவிடுவார். அவள் சங்கிலியைச் சுழற்றி மறுபடி புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவாள். மறுபடி முதலிலிருந்து.

நான்காவது சுற்றில் அவள் சங்கிலியைக் கழற்றி மெஷினில் மாட்டினாள். வாசலில் கிடந்த ஒரு கட்டையைக் காட்டினாள்.

முதல் நாள் வரைக்கும் அவருடைய ரம்பத்திலிருந்து மாவு போலத் தூள்தான் கொட்டும். இன்றைக்கு அவல் போலச் செதில் செதிலாகக் கொட்டியது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ரம்பம் தன் பாரத்திலேயே கட்டைக்குள் இறங்கியது.

வெள்ளியங்கிரி மெஷினை அணைத்துவிட்டு ஒரு பிடி அவலை அள்ளினார். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. மரத்தூளுக்குக் கண் கலங்குகிற ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“மச்சான்! இங்க பாருங்க!”

ஆறுச்சாமி திரும்பவில்லை.

“மச்சான்!”

ஆறுச்சாமி தெருவைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

வெள்ளியங்கிரி போய் அவர் தோளைத் தொட்டார். அவர் திரும்பினார். அவலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ரோசனைல இருந்தாருங்க,” என்றார் வெள்ளியங்கிரி, தமயந்தியிடம். அவள் ஒன்றும் விசாரிக்கவேயில்லை.

*

இருபத்தாறு வருஷம் ரம்பச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறுச்சாமியின் காது போய் இரண்டு வருஷம் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆறுச்சாமிக்கு மட்டும் தெரியாது. இந்தக் காலத்து ஜனங்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவருடைய குறை. யாராவது ஏதாவது கேட்டால் வெய்யிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். பத்துக்கு ஆறு தடவை அது பொருந்தியும்விடும்.

வெள்ளியங்கிரி அவருக்கு முட்டுக் கொடுத்தே பழகிவிட்டார். “ரோசனைல இருக்காரு” என்பார். “காத்து அந்தப் பக்கம் அடிக்குது” என்பார்.

போன மாதம் மரம் ஆடத் தொடங்கியதும் வெள்ளியங்கிரி ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கத்தினார். கயிற்றை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று கத்தினார். மூன்று தடவை. புதருக்கு அந்தப் பக்கம் நின்ற ஆறுச்சாமி கயிற்றை விடவில்லை. இழுத்துக்கொண்டே நின்றார். மரம் திரும்பிவிட்டது.

விழுந்த மரத்தைத் தாண்டி ஓடிப்போய் மச்சானைத் தூக்கியபோது வெள்ளியங்கிரி சொன்ன முதல் வார்த்தை, “ரம்பம் மழுங்கலுங்க.”

எல்லோரிடமும் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பியும்விட்டார்.

ஆறுச்சாமி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அதிலிருந்து அவரிடம் ஒரு தனிக் கனிவு. மத்தியானச் சாப்பாட்டில் தன் முட்டையைப் பாதி வெட்டி மாப்பிள்ளை தட்டில் வைப்பார். கனமான மெஷினைத் தானே சுமந்து வருவார். ஏன் என்று வெள்ளியங்கிரிக்கு விளங்கவில்லை. கேட்கவுமில்லை.

*

புதன்கிழமை மத்தியானம் சங்கிலி தயாராகிவிட்டது. தமயந்தி ஒவ்வொரு பல்லாக வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றிலும் வெள்ளைக் கோடு இல்லை.

“செரிங்க,” என்றாள்.

அவளிடமிருந்து அது பெரிய பட்டம். வெள்ளியங்கிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்ப நான் கெளம்பறனுங்க. காலைல வெள்ளனே மலையேறோணும்.”

“நாளைக்கு மரம் திரும்பாதுங்களா?”

“ரம்பம்தான் கூராயிருச்சுங்களே. அப்பறம் எதுக்குத் திரும்புது?”

அவள் சங்கிலியைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. வேறு எதையாவது பேசலாம் என்று தோன்றியது.

“ஒரே ஒரு சந்தேகமுங்க அம்மிணி. அரத்துக்கு மழைக்காலத்துல மட்டும்… ஒரே ஒரு சொட்டு…”

தமயந்தி எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். திங்கட்கிழமை அவர் துடைத்து, சாக்பீஸ் தேய்த்து, பேப்பரில் சுற்றிவைத்த அரங்களில் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்தாள். பேப்பரைப் பிரித்தாள். எண்ணெய்க் கேனை எடுத்து அதன் மேல் கவிழ்த்தாள்.

எண்ணெய் கோடுகளுக்குள் இறங்கி, நுனியில் சேர்ந்து, தரையில் சொட்டியது.

“அய்யோ, ஏனுங்க அம்மிணி?”

“துரு ஏறாதுங்க.” அவள் அரத்தைத் திருப்பி மறுபக்கமும் ஊற்றினாள். “பாவம்.”

அவள் பார்வை அவரைத் தாண்டி வாசலுக்குப் போனது.

வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தார். டீக்கடைக்காரர் பெஞ்சின் பக்கத்தில் நின்று, கிளாஸை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி தலையை ஆட்டி, “ஆமாங்க, காத்தே இல்ல,” என்றார். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். தோளில் கயிறும் கையில் காலி கிளாஸுமாக ஆறுச்சாமியும் சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

“ரோசனைல…” என்று வழக்கம்போல ஆரம்பித்த வெள்ளியங்கிரி, எண்ணெய் சொட்டுகிற அரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சொன்னால் கயிறு போய்விடும். கயிறு போனால் மச்சானிடம் மிச்சம் என்ன இருக்கிறது? சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த மரம்.

அவர் வாசலுக்குப் போனார். பெஞ்சில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, இதமாகச் சொன்னார்.

“மச்சான், உங்களுக்குக் காது கேக்கறதில்லீங்க.”

“ஆமாங்க மாப்ள,” என்றார் ஆறுச்சாமி. “சாயங்காலம் மழை வந்தாலும் வரும்.”

சொல்லியாகிவிட்டது. கேட்காதது அவர் பாடு என்று வெள்ளியங்கிரி எழுந்து போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எழுந்தும்விட்டார்.

உள்ளே எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவருக்குக் கேட்டது.

அவர் பெஞ்சைச் சுற்றிப் போய் மச்சானின் முன்னால் தரையில் குந்தினார். முகத்தை நேராகப் பார்த்தார். மரம் விழுகிறபோது கத்துகிற குரலில் கத்தினார்.

“மச்சான்! உங்களுக்குக் காது கேக்கல! ரெண்டு வருசமாக் கேக்கல! நாளைக்கு நீங்க கயிறு புடிக்கக் கூடாது!”

எதிர் டெப்போவில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லாரியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் பார்த்தார். மேட்டுப்பாளையத்துக்கே கேட்டிருக்கும்.

ஆறுச்சாமியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி, மெல்லப் பெஞ்சின் மேல் வைத்தார்.

பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அன்னைக்கு அந்த மரத்துல… நீங்க கத்துனீங்களா மாப்ள?”

வெள்ளியங்கிரி தலையை ஆட்டினார். மூன்று விரலைக் காட்டினார்.

ஆறுச்சாமி அந்த மூன்று விரலையும் பார்த்தார். மாப்பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

“நீங்க கத்த மறந்துட்டீங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்,” என்றார். “தங்கச்சிகிட்டக்கூட மூச்சு விடலீங்க. உங்களுக்கு வயசாயிருச்சு, பாவம்னு.”